ஆற்றங்கரைச் செருப்புக்குச் சிவப்புப் பெயிண்ட்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் வலது காதைத் தவிர அனைவரும் நலம். அங்கே தங்கள் இரத்த அழுத்தமும் சம்பந்தியம்மாவின் பல்வலியும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். வரும் ஞாயிறு மாலை தாங்கள் குடும்பத்தோடு வந்து, எங்களோடு ஆற்றங்கரையில் காலாற நடக்க வேண்டும். ஆறு என்றதும் தாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. அது பழைய கதை. இப்போது பம்பு அறையிலிருந்து மூன்றாவது பாலம் வரை ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு நடைபாதை போட்டிருக்கிறார்கள். முதலில் குழந்தைகள் பூங்கா. அடுத்து உடைந்த ஓட்டுச் சில்லுகளை ஒட்டிச் செய்த ஒரு தூண். முதல் பாலத்தடியில் சுவர் முழுக்க மீன் ஓவியம். அடிப்பூச்சு சரியில்லை, மூன்றாவது மீனுக்கு இப்போதே செதில் உதிர்கிறது. இரண்டாவது பாலத்தைத் தாண்டியதும் ஒரு படித்துறை. அதன் மேல்படியில் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு ஜோடி இரும்புச் செருப்பு கிடக்கிறது. யாரோ ஒரு பூதம் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்க இறங்கியதுபோல ஒன்று நேராகவும் ஒன்று கொஞ்சம் திரும்பியும் இருக்கும். அறுந்த வாருக்கு ஒரு ஊக்கு குத்தியிருக்கிறது. அந்த ஊக்கு மட்டுமே என் உயரம். அதைச் செய்தவள் என் மகள், தங்கள் மருமகள்.

செருப்பா என்று முகம் சுளிக்காதீர்கள். நானும் சுளித்தவன்தான். "கையெடுத்துக் கும்பிடுற மாதிரி ஏதாவது செய்யக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "கும்பிட வேணாம்ப்பா, வந்து உக்காந்தா போதும்" என்றாள். நாற்பத்தோரு பேர் வரைபடம் கொடுத்ததில் நகராட்சி இவளுடையதைத்தான் எடுத்தது. கல்யாணப் பேச்சின்போது "பொண்ணு பட்டறையில வெல்டிங் வைக்கிறான்னு நாலு பேர்கிட்ட எப்படிங்க சொல்றது?" என்று தாங்கள் கேட்டது எனக்கு மறக்கவில்லை. இன்று அந்த நாலு பேரும் அவள் செய்த குதிகாலில் உட்கார்ந்து கடலை கொறிக்கிறார்கள். இதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. எழுதும்போது தானாக வந்துவிட்டது.

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயிலாவது தாங்கள் கேட்பதற்கு முன்னால். முப்பத்திநாலு வருஷம் பாலங்களில் துரு பிடிக்காமல் பார்த்துக்கொண்டவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. வேலை செய்த இடத்தில் எனக்குத் துருவாசர் என்று பெயர். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரு நாள் காலை நடக்கப் போனால், என் மகள் செய்த செருப்பு முழுக்கத் துரு. வாரில் துரு, ஊக்கில் துரு, குதிகாலில் காப்பிப்பொடி தூவியதுபோலத் துரு. அதன் பக்கத்தில் நின்று ஒருவர், "யார் செஞ்சதோ, அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க" என்று மனைவியிடம் சொன்னார். என் காதில், அதாவது கேட்கிற காதில், ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. அவளுக்கு வேலைப்பளு, மறந்துவிட்டாள், அப்பன் எதற்கு இருக்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, உப்புத்தாளும் பெயிண்ட் உருளையும் துருவைத் தடுக்கிற ரெட் ஆக்சைடு ஐந்து லிட்டர் டின்னும் எடுத்துக்கொண்டு மறுநாள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்தேன். இடது செருப்பு முழுக்க முடித்து, வலது செருப்பில் பாதி வந்தபோது பூங்காத் தோட்டக்காரர் ஓடிவந்து உருளையைப் பிடுங்கினார். "ஐயா, இது துரு பிடிக்கணும்னே செஞ்சதுய்யா" என்று தலையில் அடித்துக்கொண்டார். மேலே படிகிற துருவே கவசமாகி உள்ளே இருப்பதைக் காப்பாற்றுகிற ஒரு வகை இரும்பு உண்டு என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டதை எல்லாம் நம்பியிருந்தால் என் பாலங்கள் ஆற்றில் கிடந்திருக்கும்.

மகள் வந்தாள். பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. நேரே போய்ப் பெயிண்டை உரிக்க மணல் பீய்ச்சும் இயந்திரத்தைக் கொண்டுவந்தாள். மூன்று வாரத்தில் நகராட்சிக் குழு வந்து பார்த்து, மூன்றாவது பாலத்தடியில் வைக்கப்போகிற அடுத்த சிற்ப வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய இருந்தது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சம்பந்தி, என் பிள்ளையின் பிழைப்பில் என் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று அன்று எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பதினோரு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. தங்கள் மகன், பொன்னான பிள்ளை, இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்து நடந்தே இளைத்துவிட்டார். என் மனைவியோ, "உங்க கையில பிரஷ்ஷைப் பாத்தா பூனைகூட எழுந்து ஓடுது" என்றாள். நான் தினமும் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முகமூடி மாட்டிக்கொண்டு, காலை அகட்டி ஊன்றி, ஓர் அங்குலம் விடாமல் அவள் என் பெயிண்டை உரித்த அழகைச் சொல்ல வேண்டும். என்னிடம் வேலை செய்தவர்களில் ஒருவனுக்கும் அந்தக் கை வராது. கோபத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து அப்பன் பெருமைப்படலாமா என்று தெரியவில்லை. பட்டேன்.

பன்னிரண்டாம் நாள் பெஞ்சுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்பைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, துரு சீக்கிரமா, சமமா பிடிக்கணும். என்ன செய்யணும்?" என்றாள்.

முப்பத்திநாலு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. துருவை விரட்டத் தெரிந்தவனுக்கு அது எந்த வழியாக வரும் என்று தெரியாதா? எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைக்க வேண்டும், தண்ணீரைப் புகைபோலத் தெளிக்க வேண்டும், முழுக்கக் காயவிட்டு மறுபடி தெளிக்க வேண்டும், சொட்டு வழிந்தால் கோடு விழும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்ப நீங்களே செய்யுங்க. ஆனா அப்பான்னு யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. செஞ்சவளோட அப்பாவே பெயிண்ட் அடிச்சாருன்னு குழுவுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றாள். அன்றிலிருந்து தெளிப்பானும் கையுமாக நிற்கிறேன். நகராட்சி எனக்குக் கொடுத்த தண்டனை இது என்று தோட்டக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துவிட்டுப் போகட்டும். போன வெள்ளிக்கிழமை குழு வந்தது. அதிலிருந்த பொறியாளர் குதிகாலைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு சீரா பிடிச்சிருக்கே" என்றார். மூன்றாவது பாலத்து வேலை அவளுக்கே. நான் புதருக்குப் பக்கத்தில் நின்று செடிக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல் பாவனை செய்தேன். அந்தச் செடி அநேகமாக அழுகிவிடும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தச் செருப்பின் முன்னால் நின்று, அவள் காதில் விழும்படி, "நல்லா இருக்கும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கேட்கமாட்டாள். ஆனால் எதிர்பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் வீட்டுப் பக்கம் நோய் நொடி எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் அந்த ஒரு வார்த்தையையும் எதிர்நோக்கும்,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதிய அழைப்பை ரத்து செய்கிறேன். செவ்வாய்க்கிழமை காலைகளில் முட்டிப் பயிற்சிக்காக நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது தாங்கள் அறிந்ததே. அறிந்ததால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது. இன்று மருத்துவர் விடுப்பு. தபால் பெட்டிக்குப் போகிற வழியில் ஆற்றங்கரைக்கு வந்தேன். வலது குதிகாலில் உட்கார்ந்து, பறவை எச்சத்தைத் தங்கள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "தூக்கிப் போடாம ஊக்கு குத்திப் போட்டுக்கிட்டவன் செருப்புங்க இது. எம் பொண்ணு அப்படித்தான் யோசிப்பா" என்று ஒரு தம்பதியிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மருமகள் என்றுகூடச் சொல்லவில்லை. நான் மரத்துக்குப் பின்னால் நின்று, கேட்கிற காதால் கேட்டேன். தோட்டக்காரர் என் பக்கத்தில் வந்து, "நாலு மாசமா செவ்வாய்க்கிழமை தவறாம வர்றாரு. நீங்க பெயிண்ட் அடிச்ச வாரம் மனுஷன் உக்காரவே இல்ல, சுத்திச் சுத்தி வந்தாரு. இதைச் செஞ்ச பொண்ணோட அப்பா" என்றார். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "கொடுத்து வைத்தவர்" என்று மட்டும் சொன்னேன். சம்பந்தி, செவ்வாய்க்கிழமையைத் தங்களுக்கே விட்டுத் தருகிறேன். மற்ற ஆறு நாளும் அவளுக்கு அப்பா நான்தான்.