பின் சீட்டு உடும்பு

விமானப்படைப் பயிற்சிப் பள்ளிகளில் பிடிவிடா ஆசிரியர் என்றோர் இனம் உண்டு. அழிந்துவரும் இனமோ என்று வருத்தப்படாதீர்கள், நன்றாகப் பெருகிவருகிறது. மாணவரின் திறமையை வளர்ப்பதற்கென்றே பிறந்தவர் இவர். வளர்ப்பார், வளர்ப்பார், இடுப்பிலேயே வைத்து வளர்ப்பார். இறக்கிவிடத்தான் மாட்டார்.

பயிற்சி விமானத்தில் முன்னால் மாணவர், பின்னால் ஆசிரியர். விமானத்தை ஓட்ட ஆளுக்கொரு ஸ்டிக்; தன் பக்கம் இழுத்தால் விமானத்தின் மூக்கு உயரும். ஒன்றை அசைத்தால் மற்றதும் சேர்ந்து அசையும். "இனி உன் கையில" என்று ஆசிரியர் சொன்னால், அவர் தன் கையை எடுத்துவிட்டார் என்று பொருள். நம்மவர் மட்டும் அதைச் சொல்லும்போதுதான் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். மாணவர்கள் அவருக்கு உடும்பு என்று பெயர் வைத்ததில் என்ன தவறு?

உடும்பிடம் சிக்கியவள், பொடிசு என்று எல்லோரும் கூப்பிடும் மாணவி. பன்னிரண்டு முறை அவரோடு பறந்தாள்; பன்னிரண்டு முறையும் விமானம் பூப்போல இறங்கியது. "கைன்னா இதும்மா கை! பிறவி ஞானம்!" என்று உடும்பு உருகினார். அவளும் தன் வலது கையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கத் தொடங்கினாள். அப்புறம் தேர்வு வந்தது. தேர்வாளர் பின் சீட்டில் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். ஓடுபாதை நெருங்கியது. ஸ்டிக் வழக்கம்போலத் தானாக நகரும் என்று பொடிசு காத்திருந்தாள். ஏன் நகரும்? கடைசி நொடியில் தேர்வாளர் பாய்ந்து பிடித்ததால் இருவரும் பிழைத்தார்கள். இன்னொரு முறை தவறினால் அவள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

"என்கூட வந்தா நல்லா இறக்குறா. தேர்வுன்னா பயம், வேறொண்ணுமில்ல" என்று கண்டுபிடித்தார் உடும்பு.

பொடிசுக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் அவரோடு இறங்கும்போது தன் கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விமானம் பூப்போல இறங்கியது.

"அபாரம்! இன்னிக்கு உன் கை இன்னும் மிருதுவா இருந்துச்சு!"

மறுதேர்வுக்கு முன் ஒரே ஒரு நாள் பயிற்சிதான் பாக்கி. மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சீட்டில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

"சார், உங்க ரெண்டு கையும் கண்ணாடியில எனக்குத் தெரியணும்."

"எதுக்கும்மா?"

"நேத்து இறங்கும்போது என் கை மடியில இருந்துச்சு, சார்."

உடும்பு பின் சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார்.

"அப்ப யாரு இறக்கினது?"

பொடிசு தன் முன்னாலிருந்த சின்னக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். அதில் இரண்டு கைகள் மெல்ல எழுந்து ஹெல்மெட்டின் மேல் அமர்ந்தன. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைப்போல அந்தக் கோலத்திலேயே வானமெல்லாம் சுற்றினார், "மூக்கு! மூக்கைத் தூக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினார், ஆனாலும் ஹெல்மெட்டிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை. விமானம் தவளைபோல மூன்று முறை குதித்து நின்றது. அசிங்கமான இறக்கம். ஆனால் அவளுடையது.

"இன்னும் நாலு தடவை, சார்."

"கை வலிக்குதும்மா."

"எனக்குந்தான், சார். இன்னிக்குத்தான் வலிக்குது."

மறுதேர்வில் தேறினாள். அன்றே அவளைத் தனியாகப் பறக்க அனுப்பினார்கள். உடும்பு ஓடுபாதை ஓரத்தில், தீயணைப்பு வண்டி டிரைவர் பக்கத்தில் நின்றார். விமானம் தாழ்ந்து வந்ததும் டிரைவரின் பெல்ட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"சார், அது என் பெல்ட்டு!"

"சும்மா இருய்யா, மூக்கு தாழுது!"

ஒரே ஒரு சின்னக் குதி. விமானம் ஓடி நின்றது. உடும்பு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியா? கடைசியில கொஞ்சம் நான் இழுத்தேனோ, தப்பிச்சா!"

சிரித்தீர்களா? சிரியுங்கள். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அடுத்த முறை உங்கள் பிள்ளை கார் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போனால், இறங்கும்முன் உங்கள் வலது காலடியைக் குனிந்து பாருங்கள். அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாது. அப்படியென்றால் தரைவிரிப்பு ஏன் அங்கே மட்டும் ஓட்டையாகியிருக்கிறது?