நிகர ரசிகர் ஒருவர்

எந்தக் காலத்துப் படம் எல்லாக் காலத்துக்கும் பெரிய வெற்றிப் படம் என்பதை அரசாங்கமே அளந்து சொல்லிவிடுவது என்று முடிவானது. அதற்கு அவசியம் வந்துவிட்டது. சட்டமன்றத்தில் ஒரு பெரியவர், தன் வாலிப காலத்துப் படத்துக்கு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள் என்றார். ஒரு இளையவர் எழுந்து, போன மாதம் வந்த படத்தின் வசூலில் அந்தப் படத்தைப் போல நூறு படம் எடுக்கலாம் என்றார். அப்போது டிக்கெட் என்ன விலை, இப்போது என்ன விலை என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் வருவதற்குள் இரண்டு பேர் சட்டையும் கிழிந்துவிட்டது. அன்று சாயங்காலமே ‘அனைத்துக் காலத் திரைவெற்றி அளவீட்டு ஆணையம்’ உதயமானது.

ஆணையராக வந்தவர் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்தும் துறையில் இருந்தவர். பிறந்ததிலிருந்து ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. ஆகவே எந்த நடிகர் பக்கமும் சாயமாட்டார் என்று நியமன உத்தரவிலேயே மெச்சி எழுதியிருந்தார்கள். நான் அவருக்குக் கீழே தலைமை எழுத்தர். மேலே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால் கீழே இருப்பவருக்கு வேலை நிரந்தரம் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

முதலில் பழைய வசூலை இன்றைய விலைக்கு மாற்றிப் பார்த்தோம். தங்கத்தின் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் தாத்தா காலத்துப் படம் ஜெயித்தது. வீட்டு வாடகையை வைத்துப் போட்டால் அப்பா காலத்துப் படம். டீ விலையை வைத்துப் போட்டால் போன மாதத்துப் படம். ஒவ்வொரு உறுப்பினரும் தன் தலைவன் ஜெயிக்கிற பண்டத்தைத்தான் அளவுகோலாகக் கொண்டுவந்தார். வாழைப்பழத்தை வைத்துக் கணக்குப் போடச் சொன்ன உறுப்பினருக்கும் டீ விலை உறுப்பினருக்கும் கைகலப்பு வரப் பார்த்தது. ஆணையர் மேஜையைத் தட்டினார்.

“பணத்தை விடுங்க. தலையை எண்ணுங்க,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எண்ணெயை எடை போட்டா டின்னைக் கழிக்கணுமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

கழிக்க வேண்டும் என்றோம்.

“தியேட்டருக்கு வந்தவன் எல்லாம் படத்துக்கா வந்தான்? வேற எதுக்கோ வந்தவனெல்லாம் டின். கழிச்சுட்டு நிகர எடையை மட்டும் சொல்லுங்க.”

முத்திரைத் துறையில் முப்பது வருஷம் ஊறியவர் வேறு எப்படி யோசிப்பார்? எங்களுக்கும் அது பரம யோக்கியமாகத்தான் பட்டது.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரில் அவருக்கு ‘ஒரு காட்சி’ என்று பெயர். மரக்கடை வைத்து நன்றாக இருந்த மனுஷன், படம் எடுக்கிறேன் என்று கிளம்பினார். படம் ஒரே தியேட்டரில் ஒரே காட்சி ஓடியது. அந்தக் காட்சி முழுக்க அவர் முன்வாசலிலேயே நின்று கூட்டத்தை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டிக்கெட் கொடுக்கிறவர் வந்து, ஒரே ஒரு டிக்கெட்தான் போனது, ஆளைக் கவனிக்கவில்லை, ஆனால் அந்த ஆள் கடைசிவரை இருந்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார் என்று சொன்னாராம். மாமனார் அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருஷமாக உயிரை வைத்துக்கொண்டிருக்கிறார். பஸ்ஸில் யாராவது அவரை உற்றுப் பார்த்தால், “மாப்பிள்ளை, அந்தப் புண்ணியவான் இவரா இருக்குமோ?” என்று என் காதைக் கடிப்பார். கண்ணை மூடுவதற்குள் அந்த ஆளைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும், அவருக்கு வேறு ஆசையே இல்லை. என் அத்தை, அதாவது மாமியார், அந்த மாதிரி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆணையம் அமைந்த செய்தி வந்ததும் என் மனைவி, அப்பா படத்தையும் பட்டியலில் சேர்க்காவிட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டாம் என்றாள். நாங்கள் குடியிருப்பது அவள் அப்பா வீட்டில். ஆகவே அது வெறும் மிரட்டல் இல்லை. காதும் காதும் வைத்தாற்போல் சேர்த்துவிட்டேன்.

கழிவு ஆரம்பமானது. கோடையில் வந்த படங்களுக்கு, வெயிலுக்கு ஒதுங்கியவர்களைக் கழித்தோம். அடுத்தது மழைக்கு ஒதுங்கியவர்கள். குளிரூட்டிய அரங்கு வந்த பிறகு தூங்க வந்தவர்கள். காதலர்களை ஜோடி ஜோடியாகக் கழித்தோம். பெண்டாட்டி கூப்பிட்டாள் என்று வந்த புருஷன்மார்கள், மாமியாரிடமிருந்து மூன்று மணி நேரம் தப்பிக்க வந்த மருமகள்கள், நாலு பேர் பார்த்துவிட்டார்கள், நாம் பார்க்காவிட்டால் மானம் போய்விடும் என்று வந்தவர்கள். கடைசி வகையில் மட்டும் ஜனத்தொகையில் பாதி போய்விட்டது. நடிகர் முகத்துக்காக வந்தவர்களை வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கிக் கேட்டார். முகத்தைச் சுவரொட்டியிலேயே இலவசமாகப் பார்க்கலாமே என்றார் ஆணையர். அவர்களும் டின்னானார்கள்.

ஒருவரே மழைக்கும் ஒதுங்கி, காதலியோடும் வந்திருந்தால் இரண்டு முறை கழிப்பதா என்று சந்தேகம் வந்தது. கழிப்பதில் கஞ்சத்தனம் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதனால் பெரிய படங்கள் எல்லாம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டன. வருஷக்கணக்கில் ஓடிய ஒரு படத்துக்கு, வந்தவர்களைவிட வராதவர்கள் கொஞ்சம் அதிகமாக வந்திருந்தார்கள்.

மிஞ்சியது மாமனார் படம். அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தியேட்டரில் மின்விசிறி பழுது. தின்பண்டக் கடை மூடியிருந்தது. நடித்தவர்கள் யாரையும் யாருக்கும் தெரியாது. கூட உட்கார ஒரு துணை கிடையாது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அந்த ஒரு ஆள் படத்துக்காகவே வந்த ஆள். நிகர ரசிகர் ஒருவர். எல்லாக் காலத்துக்கும் மாபெரும் வெற்றிப் படம் இதுவே என்று அரசிதழில் வந்துவிட்டது. மாமனார் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வாயெல்லாம் பல். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஒப்பற்ற ரசிகர் முன்வந்தால் அரசு மரியாதை செய்யப்படும் என்று ஆணையர் அறிவித்தார். மறுநாள் காலை அலுவலக வாசலில் தொடங்கிய வரிசை பேருந்து நிலையம் வரை நின்றது. ஊரே அந்தப் படத்தைப் பார்த்திருந்தது. பல் டாக்டர் பார்த்திருந்தார். பிரசவ விடுப்பில் இருந்த டீச்சர் பார்த்திருந்தார். படம் வந்த வருஷத்துக்குப் பிறகு பிறந்தவர்கள், சின்ன வயதில் பார்த்தோம் என்றார்கள். ‘நான் தனியாகப் பார்த்தேன்’ என்று எழுதிய பனியன் கடைக்கு வந்து விற்றுத் தீர்ந்தது. எதற்காகப் போனீர்கள் என்று கேட்டால் எல்லோரும், “படத்துக்காகத்தான்,” என்றார்கள். கழிக்க எங்களுக்கு ஒரு இடமும் கொடுக்கவில்லை.

மாமனார் சிறப்பு விருந்தினராக விசாரணை அறையில் உட்கார்ந்து, வந்த ஒவ்வொரு முகத்தையும் ஆசையாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. இத்தனை பேர் சொல்லும்போது அந்த ஒரு ஆளை எப்படிக் கண்டுபிடிப்பார், பாவம்.

ஒரு மத்தியானம் அத்தை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார். அப்போது நகைக்கடைக்காரர் ஒருவர் படத்தின் முடிவை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதாநாயகி அவர் மடியிலேயே உயிரை விட்டதைப் போல அழுதார்.

“அவ எங்க செத்தா? பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்குல்ல போனா,” என்றார் அத்தை, சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டே.

மாமனார் எழுந்து நின்றார். கதையின் முடிவு அவருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொன்னதில்லை.

“நீயா?” என்றார்.

“உங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்தேன். வாசல்ல ஒத்தையா நின்னுட்டிருந்தீங்க. பார்க்கச் சகிக்கல. ஒரு டிக்கெட் வாங்கிட்டு, பக்கத்துக் கதவு வழியா உள்ளே போய் உட்கார்ந்துட்டேன்.” அத்தை குரல் தணிந்தது. “சாயங்காலம் வந்து, யாரோ ஒரு புண்ணியவான் பார்த்தான்னு குதிச்சீங்க. அது நான்தான்னு எப்படிச் சொல்றது?”

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆணையர் பேனாவைத் திறந்தார்.

“உறவு?”

“சம்சாரம்.”

“வந்த நோக்கம்?”

“மனசு கேட்கல. அதான்.”

மனசு கேட்காமல் வந்தவர் சுத்தமான டின். அவரைக் கழித்தால் மாமனார் படமும் பூஜ்யம். வெற்றிப் படமே இல்லாத நாட்டில் வெற்றி அளவீட்டு ஆணையம் எதற்கு? எல்லோரும் படிக்கல்லுக்கு முத்திரை குத்தத் திரும்பிப் போக வேண்டியதுதான். ஆணையரும் இதே வழியில் யோசித்திருக்க வேண்டும். பேனாவை மெதுவாக மூடினார்.

அன்று மாலை தீர்ப்பு வந்தது. குடும்பத்தார் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல என்பதால் மேற்படி அம்மையார் மேற்படி படத்தைப் பார்க்கவில்லை என்று தீர்மானிக்கப்படுகிறது. சத்தியம் செய்து சொன்ன ஏனைய அனைவரும் பார்த்ததாகக் கொள்ளப்படுகிறது. தட்டச்சு செய்தது நான்தான். சொந்த மாமியாரைத் தியேட்டரை விட்டு வெளியே தள்ளும் பாக்கியம் எத்தனை மருமகனுக்குக் கிடைக்கும்? வீட்டுக்குப் போனபோது அத்தை ஒன்றும் கோபப்படவில்லை. சாப்பாடு போட்டார்.

அரசுச் செலவில் படத்தை மறுபடி வெளியிட்டார்கள். தியேட்டர் வாசலில் நிற்க இடமில்லை. சுவரொட்டியின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு, மறுபடியும் பார்க்க வந்தேன் என்று ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். மணி அடித்ததும், ஏற்கனவே பார்த்த படம்தானே என்று எல்லோரும் கலைந்துபோனார்கள். ஆணையர் தன் நடுநிலைமை கெட்டுவிடக் கூடாது என்று வெளியிலேயே நின்றார். அவரைத் தனியாக விடக் கூடாதே என்று நானும் நின்றேன்.

உள்ளே போனது இரண்டே பேர். மாமனாரும் அத்தையும்.

படம் முடிந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தார்கள். மாமனார், அத்தை கையைப் பிடித்திருந்தார். அவர் அந்தப் படத்தை முழுசாக உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.

“மாப்பிள்ளை, படம் நல்லாவே இல்லையே,” என்றார் திகைத்துப்போய்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்,” என்றார் அத்தை.

ஆணையர் திடுக்கிட்டு அருகில் வந்தார். இவ்வளவு விசாரணை நடந்ததே, இந்த முக்கியமான விஷயத்தை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்.

அத்தை அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலியாகிக்கொண்டிருந்த தெருவையும் ஒரு தடவை பார்த்தார்.

“எத்தனை பேர் வந்தாங்கன்னு கேட்டீங்க. எதுக்கு வந்தாங்கன்னு கேட்டீங்க. படம் எப்படி இருந்துச்சுன்னு யார் கேட்டீங்க?”