பனிக்கட்டி சாரும் பண்ணையார் வீட்டுக் கல்யாணமும்

தென்காசியில் பிறந்து, தென்காசியிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு, துருவப் பிரதேசத்தில் குடியிருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பனிக்கட்டி சார்.

சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் தென்காசி ஹைஸ்கூலில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தபோது, அவர் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பாடத்தில் துருவத்துக்குப் போய் இறங்கினால் பங்குனி வரை ஊர் திரும்பமாட்டார். பையன்களுக்குத் தாமிரபரணி எந்தப் பக்கம் ஓடுகிறதென்று தெரியாது. துருவத்துப் பனி எவ்வளவு கனம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

மாதக் கணக்கில் சூரியனே எட்டிப் பார்க்காத அந்தப் பனிமேல் கொஞ்சமாவது சூடு எங்கிருந்து வந்து விழுகிறது? அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி இதுதான். பதிலையும் அவரே சொல்வார்.

"வானத்துலேருந்துவே! காத்தும் ஈரமும் மேகமும் தங்கிட்ட இருக்க சூட்டைக் கீழ அனுப்பிக்கிட்டே இருக்கு. மேகம் மூடுனா பனிக்குக் கம்பளி. வானம் வெளுத்துச்சோ, கம்பளிய உருவுன மாதிரி விறைச்சுப் போகும்."

சொன்னதோடு நின்றாரா? மார்கழியில் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் இரண்டு கம்பளி போர்த்திக்கொள்வார். ஆடிச் சாரலில் குற்றாலமே வெடவெடக்கும்போது வெற்றுடம்போடு அருவிக்கரையில் உலாவுவார். ஏன் என்று கேட்டால் மேலே மேகத்தைக் காட்டுவார். வருஷம் தவறாமல் காய்ச்சல் வரும்.

அவர் மனைவி ஒருநாள் என் எதிரிலேயே கேட்டுவிட்டார்: "வானம் சூடு அனுப்புதுன்னு சொல்லுதீகளே, அதுல ஒரு செம்பு வெந்நி போட்டுத் தாங்க, பாப்போம்!"

இத்தனைக்கும், சார் ஐஸைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அந்தக் குறை வடகரைப் பண்ணையார் மகள் கல்யாணத்தில் தீர்ந்தது. குற்றாலத்தில் பங்களா எடுத்துக் கல்யாணம். பட்டணத்துச் சம்பந்திக்கு ஐஸ் போட்ட சர்பத் கொடுக்க வேண்டுமென்று, மரத்தூளில் பொதிந்த பெரிய பாளம் ஒன்று ரயிலில் வந்து இறங்கியது. பண்ணையார்தான் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர்.

"இந்த வட்டாரத்துல ஐஸைப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீருதான். சாயந்திரம் வரைக்கும் பாத்துக்கிடும் சார்" என்றார்.

நானும் கூடப் போயிருந்தேன். சார் சாக்கை விலக்கி, பச்சைக் குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டார். கண் கலங்கிவிட்டது.

"வே, நெசமாவே குளிருதுவே!"

அதோடு மூடியிருக்கலாம். அந்நேரம் பார்த்துச் சமையல்காரத் தவசுப்பிள்ளை வாயைக் கொடுத்தார். "ஒரே மூடாக்கா இருக்கு, வெயிலும் இல்ல. இது எங்க உருகப் போவுது!"

"உருகும்வே! மேகம் உருக்கும்!" சாக்கும் மரத்தூளும் பறந்தன. ஐஸ் முற்றத்து பெஞ்சுக்குப் போனது. சார் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, மூடிருங்க. வினையாப் போயிரும்" என்றேன் நான்.

"சும்மா இரும். வானம் வேலை செய்யுது."

வாசலில் நாகஸ்வரம் கேட்டபோது பாளம் தேங்காய் அளவுக்கு வந்திருந்தது. பண்ணையார் ஓடி வந்தார். "ஐஸ் எங்கவே?"

"உருகிட்டு ஐயா!" சார் முகம் பூரித்திருந்தது. "ஆனா காத்து உருக்குனது எவ்வளவு, வானம் உருக்குனது எவ்வளவுன்னு பிரிக்க முடியல. இன்னொரு பாளம் கிடைக்குமா?"

சம்பந்தி வெதுவெதுப்பான சர்பத் குடித்தார். பள்ளிக்கூடத்துக்கு வேறு பூகோள வாத்தியார் வந்தார்.

புதியவர் பாடங்களை ஒழுங்காக முடித்தார். பையன்கள் பாஸானார்கள். வகுப்பில் ஒரு பயல்கூடக் கேள்வி கேட்பதில்லை. வேறெங்காவது பிறந்திருந்தால், சார் கையில் சூடு அளக்கும் கருவி ஒன்றைக் கொடுத்துத் துருவத்துக்கே கப்பலேற்றி அனுப்பியிருப்பார்களோ என்னவோ. இங்கே அவருக்குக் கிடைத்தது அச்சன்புதூர் ரைஸ் மில்லில் ஒரு குமாஸ்தா வேலை.

யுத்த காலத்தில் ஒருநாள் அங்கே போய்ப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. காப்பி வாங்கிக் கொடுத்தார், என் பிள்ளைகளை விசாரித்தார். பனிப் பேச்சு மட்டும் வரவில்லை. நானே மெல்ல எடுத்தேன்.

"அண்ணாச்சி, துருவத்துல இப்ப மேகமா, தெளிவா?"

சட்டென்று அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தது. பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மழை வருதுவே. களத்துல நெல்லு கிடக்கு."

அன்று மட்டும் அவர் பேச ஆரம்பித்திருந்தால், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு விடிய விடியக் கேட்டிருப்பேன்.