எம்.பி.யின் தலைக்கு மேல் கட்டிய வெள்ளை

விருந்தாளியை அளவுக்கு மீறி உபசரித்தால் வீட்டுக்காரனின் குறை அவர் கண்ணில் படாது. இந்த உண்மை எனக்கு ஒரு கூரை முகட்டில் இருக்கும்போதுதான் விளங்கியது, பிள்ளைகளே.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு மீசை முளைத்து, புத்தி இன்னும் முளைக்காத காலம். எங்கள் தீவின் சுருவில் கிராமத்தில் இருந்த சனசமூக நிலையத்துக்கு நான்தான் செயலாளர். (வேறு ஒருவரும் முன்வரவில்லை.) அருகில் ஒரு பழைய மடம் இருந்தது. பிள்ளைகள் இல்லாத, இருந்தும் அவர்கள் கவனிக்காத முதியவர்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள். மழை வந்தால் அதன் பனையோலைக் கூரை ஒழுகாத இடமே இல்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்கு மூலை அலைவார்கள். போன மாரியில் நாகமுத்தாச்சி நெஞ்சுச்சளியில் விழுந்து பிழைத்ததே பெரிய காரியம். அடுத்த மாரிக்குமுன் ஓடு போட்டுத் தரும்படி கேட்கத்தான் எம்.பி.யை மடத்துக்கு அழைத்திருந்தோம்.

பெரிய மனிதரை வெறும் கூரையின் கீழ் இருத்தலாமோ? தலைக்கு மேலே வெள்ளைத் துணியால் விதானம்போல வெள்ளை கட்டுவதுதானே நம் வழக்கம். கஞ்சி போட்ட வேட்டிகளை இரட்டையாக மடித்து, இடைவெளி இல்லாமல் நானே கட்டினேன். ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை. என் வேலையை நானே அண்ணாந்து பார்த்து மெச்சிக்கொண்டேன்.

எம்.பி. வந்தார், கதிரையில் இருந்தார், மேலே பார்த்தார்.

“அட, நல்ல வடிவாய்த்தானே வைச்சிருக்கிறியள்!”

நாகமுத்தாச்சி எழும்பினார். “ஐயா, கூரை ஒழுகுது.”

“எங்கை ஆச்சி?”

ஆச்சி மேலே பார்த்தார். வெள்ளை. அந்தப் பக்கம் பார்த்தார். அங்கேயும் வெள்ளை. பிறகு என்னைப் பார்த்தார். (அந்தப் பார்வை வெள்ளையாக இல்லை.)

“இதைவிட மோசமான கூரையள் தீவிலை கனக்கக் கிடக்கு ஆச்சி. முதல் அதுகளைப் பாப்பம்” என்று எம்.பி. எழும்பப் போனார்.

ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருந்தால் போதும். ஆனால் விருந்தாளி இருக்கும்போது கட்டிய வெள்ளையை அவிழ்ப்பது அபசகுனம் அல்லவா?

“இருங்கோ ஐயா, ஒழுக்கைக் காட்டிறன்!” என்று வெளியே ஓடி, ஏணி வைத்து முகட்டில் ஏறினேன். என் கூட்டாளி செல்வராசா கிணற்றில் அள்ளித் தந்த வாளியைக் கவிழ்த்தேன்.

“ஆச்சி, ஒழுகுதோ?”

“இல்லையடா!”

இன்னொரு வாளி. “இப்ப?”

“ஒரு சொட்டும் இல்லை! நல்லா ஊத்து!”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு காலமும் ஒழுகிய கூரை, எம்.பி.யைக் கண்டதும் கட்சி மாறிவிட்டது! ஆத்திரத்தில் வாளி வாளியாகக் கவிழ்த்தேன்.

கீழே நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். நான் ஊற்றியதெல்லாம் வேட்டிக்குள் தேங்கி, சினைப் பசுவின் வயிறு போல எம்.பி.யின் தலைக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்ததாம். மடத்தில் இருந்த கந்தரப்பு அதைக் கண்டு, தன் பொல்லை ஊன்றி மெல்ல நடந்து வந்தாராம்.

“எங்கை ஒழுகுது எண்டு கேட்டியளே ஐயா” என்றவர், பொல்லால் ஒரு குத்து. “இஞ்சைதான்!”

எம்.பி. கதிரையில் இருந்தபடியே தோய்ந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு வேறு. அவர் போட்ட சத்தத்தில் நான் துள்ள, உக்கிய ஓலை என்னைக் கைவிட்டது. அவிழ்ந்து தொங்கிய வெள்ளைக்கு நடுவே என் ஒரு கால் மட்டும் சபைக்குள் இறங்கியது.

எம்.பி. முகத்தைத் துடைத்து, அந்தக் காலைப் பார்த்தார். “இது ஆர்?”

“எங்கட செயலாளர், ஐயா” என்றார் ஆச்சி.

பிறகு எம்.பி. சொன்னார்: “விளங்கிச்சுது ஆச்சி. மாரிக்கு முதல் ஓடு வரும். முதல்லை அந்தக் காலை எடுக்கச் சொல்லுங்கோ.”

ஓடு வந்தது. அந்த மாரியில் மடத்து ஆட்கள் விரித்த பாயிலேயே விடியும்வரை படுத்தார்கள். அடுத்த வருடம் கிழமைக்கு ஒருமுறை டொக்டர் வேண்டுமென்று கேட்டபோது எம்.பி. “பாப்பம்” என்று இழுத்தார். ஆச்சி என் கையைப் பிடித்து முன்னே நிறுத்தினார்.

“டொக்டர் வாறாரோ ஐயா, இல்லாட்டி இவனை ஏத்தட்டோ?”

அடுத்த கிழமையே டொக்டர் வந்தார்.

இது உங்கள் அம்மாவின் காதுக்கு எப்படி எட்டியதோ தெரியாது. நீங்கள் சைக்கிள் கேட்டு நான் “பாப்பம்” என்று சொன்ன அன்று, அவர் போய் ஏணியைக் கொண்டுவந்து என் முன்னால் சாத்தினாரே, ஏன் என்று இப்போது விளங்குதா?