ஹவுளில் விட்ட சவூதி மீன்கள்

அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குச் சற்று முன்னர், எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியான ஹவுளைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் "நான் அங்கே இல்லை" என்று மறுக்கக் கூடாது. என் மனைவியின் வாப்பாவும் பள்ளி நிர்வாகத்தின் தலைமை மரைக்காருமான உதுமாலெவ்வை மாமா, அந்தப் பதவிக்கு அடுத்து வரக் காத்திருந்த அலியார் ஹாஜியார், பாங்கு சொல்லும் மோதினார், சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த என் மச்சான் ஜவாத், கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த மீன்பிடிப் பரிசோதகர் ஐயா, அப்படிக் கழுவி வுழு செய்ய வந்த ஊர் ஆண்கள் நூற்றைம்பது இருநூறு பேர், தூணுக்குப் பின்னால் நான். ஹவுளுக்குள்ளே ஒரு சோடி மீன். (மீன்களுக்குக் குஞ்சுகளும் இருந்தன. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் தூணுக்குப் பின்னால் நின்றிருக்க மாட்டேன், சவளக்கடை ஊருக்கும் அப்பால் நின்றிருப்பேன்.)

நான் பயந்த ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே பயத்தில்தான். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரைப் பற்றி எட்டாம் வகுப்பிலேயே கேள்விப்பட்டுவிட்டேன். சைக்கிளுக்கு லைட் இல்லாமல் பகலில் ஓடுவதற்கே எனக்கு நெஞ்சு அடிக்கும். இப்படிப்பட்டவனுக்கு இருபத்து மூன்று வயதில் கலியாணம் முடித்துவைத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போக வேண்டும். போனேன். தொழில் கிடையாது. மாமி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மாமா வரும் பக்கம் பார்த்து எழுந்து நிற்பதுதான் வேலை.

ஜவாத் மச்சான் சவூதியில் ஒரு பணக்கார வீட்டில் கார் ஓட்டினார். அந்த வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த ஒரு சோடி மீனை எனக்காகக் கொண்டுவந்திருந்தார். உடம்பெல்லாம் கறுப்பு வரி, முகத்தில் ஒரு கடுகடுப்பு.

"மச்சான், இது ஒங்களுக்குத்தான். கொழும்பில பெரிய வீடுகள்ல எல்லாம் இப்ப மீன் தொட்டி வைக்கிறாங்க. குஞ்சு பொரிக்கவைச்சு வித்தீங்கெண்டா நீங்க மொதலாளி."

"இத எப்படி விட்டாங்க, பிளேன்ல?"

"கேன்லதான் கொணந்த. 'உள்ளுக்கு என்ன?' எண்டு கஸ்டம்ஸ்காரன் கேட்டான். 'தண்ணி' எண்டன். சவூதியில இருந்து வாற தண்ணியெண்டா ஒரு தண்ணிதானே? அவனும் நம்மட ஆள். மூடியத் தொட்டுக் கண்ணில ஒத்திக்கிட்டு, 'போங்க நானா' எண்டுட்டான். நான் பொய் சொல்லல்ல மச்சான். தண்ணிதானே அது!"

அந்தத் தண்ணீரின் கதை எங்களுக்கு முன்னமே ஊருக்குள் போய்விட்டது. பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண்கள் கோப்பையும் கையுமாக வந்துவிட்டார்கள்: "மரைக்கார்ட மகன் மக்கத்து ஸம்ஸம் தண்ணி கொணந்திரிக்காராமே, ஒரு மொடக்குத் தாங்க." ஒன்றும் அறியாத மாமி கேனைத் திறக்கப் போனார். நான் குறுக்கே விழுந்தேன்.

"மாமி, வேணாம். அதுக்குள்ள உசிர் இரிக்கி!"

"ஸம்ஸமுக்கு உசிர் இரிக்கிது எண்டு எங்களுக்கும் தெரியும் மகன். தள்ளுங்க."

மூடியைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு வால் அடித்தது. மாமி கோப்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்கட மாமா கண்டா ஒண்டில் இந்த மீன் குழம்புக்குப் போகும், இல்லாட்டி நீங்க உம்மா வீட்டுக்குப் போவீங்க. நாளைக்கே எங்கயாவது கொண்டுபோங்க."

வேறொருவன் என்றால் ஒரு கண்ணாடிப் போத்தலைத் தேடியிருப்பான். நான் சட்டத்தைத் தேடினேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பூங்கன்றைக் கொண்டுவந்தவரிடம் அதைப் பறித்துவிட்டார்களாம் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். பூங்கன்றுக்கே அப்படியென்றால், கண்ணும் வாயும் உள்ள மீனுக்கு என்ன கதி? இரவெல்லாம் புரண்டுவிட்டு, விடிந்ததும் கல்முனைக்குப் போய்ப் பரிசோதகர் ஐயாவின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"என்ட சினேகிதன் ஒருத்தன் வெளிநாட்டு மீன் கொணந்திட்டான் ஐயா. அதுக்கு என்ன சட்டம்?"

"சினேகிதன்ட பேர் என்ன?"

என்னால் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. "நான்தான் ஐயா."

"என்ன இனம்?"

"மீன் இனம் ஐயா."

ஐயா பேனையைக் கீழே வைத்தார். "எந்த நாட்டு மீன்?"

"சவூதி."

"சவூதியில ஒரு ஆறுகூட இல்லையே தம்பி!"

"அதான் ஐயா, பாவமெண்டு கொணந்த."

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகவே விளங்கப்படுத்தினார். நாட்டுக்குள் இல்லாத மீனைக் கொண்டுவருவதென்றால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். இனத்தின் பெயர் சொல்ல வேண்டும். வந்த பிறகு வேறு மீன் இல்லாத, ஆற்றோடும் குளத்தோடும் தொடுப்பில்லாத தொட்டியில் தனியே வைத்து, நோயில்லை என்று கண்டால்தான் மற்ற யோசனை. அந்தத் தண்ணீரில் கண்டவர்களும் கை வைக்கக் கூடாது. "ஒரு சோடி போதும் தம்பி. சாகாமம் குளத்துக்குள்ள விழுந்திச்செண்டா, குளத்து மீனெல்லாம் அதுகள்ட வயித்துக்குள்ளதான்."

எனக்கு எல்லாம் கண்ணில் தெரிந்தது. சாகாமம் வெறுமையாகிறது, அடுத்த குளமும் வெறுமையாகிறது, மாவட்டம் முழுவதும் கறியில்லாமல் வெறுஞ்சோறு தின்னுகிறது, எல்லோரும் என் பெயரைச் சொல்லித் தின்னுகிறார்கள். "அப்ப இப்பவே கொன்டுடவா ஐயா?" என்றேன்.

"ஆ! அதெப்படி? நான் பார்த்து முடிவு சொல்லும்வரை உயிரோட இருக்கவேணும். தனித் தொட்டியில விட்டுட்டு வந்து இடத்தைச் சொல்லும்."

தனித் தொட்டிக்கு நான் எங்கே போவேன்? எங்கள் மணலில் கிணறு இருக்கிறது. கிணற்றை நம்ப முடியாது, அது நிலத்துக்குக் கீழால் எந்தக் களப்புத் தண்ணீரோடு கதைக்கிறதோ யாருக்குத் தெரியும்? யோசித்து யோசித்துக் களைத்து, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. மாமா முன்னின்று கட்டுவித்த புது ஹவுள். சீமெந்துத் தொட்டி. வேறு மீன் கிடையாது. வழியும் தண்ணீர் பள்ளித் தென்னந்தோட்டத்து மணலுக்குள் போய்விடும். மோதினார் எப்போதும் காவல். சட்டத்துக்கென்றே கட்டியது போல இருந்தது.

அந்தத் தண்ணீரில் ஊரே தினம் ஐந்து வேளை கையும் முகமும் காலும் கழுவுகிறதே, அது உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். வல்லாஹி, அது என் மூளைக்கு எட்டவேயில்லை. நான் அந்த யோசனையை யோசித்ததே ஹவுளின் விளிம்பில் குந்தி, அதே தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டுதான். மூச்சு விடுவதை யார் ஒரு வேலையாகக் கணக்கெடுப்பார்கள்?

மறுநாள் காலை, பள்ளியில் ஆளில்லாத நேரம் பார்த்து மீன்களை விட்டேன். கல்முனைக்குப் போய், இன்ன ஊர், இன்ன வீதி, பள்ளிக்குப் பக்கத்தில் சீமெந்துத் தொட்டி என்று இடமும் சொன்னேன். "அந்தப் பக்கம் வரேக்க பார்க்கிறன்" என்றார் ஐயா.

சில கிழமைகள் போயின. ஹவுளுக்குள் என்னவோ காலை நக்குகிறது என்று இரண்டு மூன்று பேர் முறையிட்டார்கள். "புதுச் சீமெந்து. அப்படித்தான் இரிக்கும்" என்று மாமா முடித்துவிட்டார்.

அவர் அப்படி முடித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் குடிக்கு, அதாவது தாய்வழிக் குலத்துக்கு, ஒரு மரைக்கார். அவர்களுக்குத் தலைவர் மாமா. நான் சொல்லும் அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும், தலைமையை அவரிடமே விடுவதா, அலியார் ஹாஜியாரிடம் கொடுப்பதா என்று கூடிப் பேச இருந்தார்கள். மாமா தன் பக்கத்துக்குச் சொல்லக்கூடிய ஒரே சாதனை அந்த ஹவுள்தான். அதை மூத்த பிள்ளை போலப் பார்த்துக்கொண்டார். (ஜவாத் மச்சானைவிட அது சொல்வழி கேட்கும்.) ஹவுளுக்கு ஒரு குறை வந்தால் பதவி போய்விடும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் தூண்.

அன்று அலியார் ஹாஜியார் வந்தார். விளிம்பில் உட்கார்ந்து, கை, முகம், தலை எல்லாம் முடித்து, வலது காலைத் தண்ணீருக்குள் இறக்கினார். மீன்கள் அந்த மூலையில்தான் குஞ்சு பொரித்துக் காவல் இருந்திருக்கின்றன. எந்தத் தாயும் தகப்பனும் பார்த்துக்கொண்டு இருப்பார்களா?

"பாம்பூ! ஹவுளுக்குள்ள பாம்பு!"

ஹாஜியார் தொப்பியை ஒரு பக்கமும் செருப்பை ஒரு பக்கமும் விட்டுவிட்டு வாசல்வரை போய்விட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். ஓடாதவர் மாமா ஒருவர்தான்.

"என்ட ஹவுளுக்குள்ள பாம்பா? ஆருடா சொன்ன? இந்தா பாருங்க!" என்று சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டார். எடுத்தபோது சுட்டுவிரலில் ஒரு மீன் தொங்கியது.

ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

"இது ஆர்ர மீன்?" என்றார் மாமா, விரலை உயர்த்தியபடியே. ஜவாத் மச்சான் வானத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பரிசோதகர் ஐயா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "ஒருத்தரும் தண்ணியில கை வைக்காதீங்க! இது தனிமைப்படுத்தின தொட்டி!"

"எது?" என்றார் மாமா. "இது பள்ளிட ஹவுள்."

"இல்லை, அந்தத் தம்பிதான் வந்து பதிஞ்சவர்." ஐயா நீட்டிய விரலுக்கு நேரே நான் இருந்தேன். தூண் என்னைவிட ஒல்லி.

ஐயா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்தத் தண்ணியத் தொட்டது ஆரார்? கைய உயர்த்துங்க."

இருநூறு கைகள் உயர்ந்தன.

"ஒரு தரமா?"

"ஒரு நாளைக்கு அஞ்சு தரம் ஐயா," என்றார் மோதினார். "நோன்பு காலமெண்டா இன்னும் கூட."

ஐயா விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஊரையெல்லோ தனிமைப்படுத்தவேணும்" என்றார் மெல்ல.

கூட்டத்துக்கு அது கவலையில்லை. அவர்களுக்கு வேறு கவலை. "மீன் கடிச்சா வுழு முறியுமா மோதினார்?"

"மீன் இரிக்கிற தண்ணி சுத்தம். கடிச்சாலும் வுழு முறியாது," என்றார் மோதினார். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா பாம்பெண்டு ஓடினவங்களுக்கு, ஓடேக்க என்ன நடந்ததெண்டு அவங்கவங்களுக்குத்தான் தெரியும்."

பத்துப் பன்னிரண்டு பேர் சத்தமில்லாமல் பக்கத்து வீட்டுக் கிணற்றுப் பக்கம் போனார்கள். முன்னால் போனவர் அலியார் ஹாஜியார்.

கடற்கரைப் பிள்ளைகள் ஒரு வீச்சு வலையைக் கொண்டுவந்து ஹவுளுக்குள் வீசினார்கள். சோடி மீன் அகப்பட்டது. குஞ்சுகள் வலைக்கண்ணுக்குள்ளால் போய்விட்டன. ஹவுளை இறைத்து, தண்ணீரைத் தோட்டத்தில் ஒரு குழிக் கிடங்கு வெட்டி அதற்குள் விட்டு, தொட்டிக்குச் சுண்ணாம்பு போட வேண்டும் என்று ஐயா தீர்ப்புச் சொன்னார். மீன்களைச் சவூதிக் கேனிலேயே போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டார். என் மேல் வழக்கு வரும் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கும்பிட்டார். "தம்பி, உம்மைப்போல சட்டத்தை மதிக்கிற ஆளை இனி நான் கண்ணால காணப்படாது."

தொழுகைக்குப் பிறகு கூட்டம் கூடியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, உம்மா வீட்டுக்குப் போகத் தயாராக வாசலில் நின்றேன். உள்ளே யாரோ ஒருவர் சொன்னது கேட்டது: "பாம்பெண்டு சொல்லியும் கைய விட்டவர் ஒருத்தர். மீனெண்டு தெரியாம ஓடினவர் ஒருத்தர். இதில கதைக்க என்ன இரிக்கி?" மாமாவே தலைமை மரைக்கார். அடுத்த முறையும் அவர்தான். பதினைந்து வருடம் ஒருவரும் அவரை அசைக்கவில்லை.

மருமகன் செய்த குற்றத்துக்குப் பள்ளிச் சல்லியைத் தொடக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். தண்ணீர் இறைக்கும் மெஷின் வாடகை, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, எல்லாமாக எழுபத்திரண்டு ரூபா அவர் கையால் போனது. எனக்கு நெல் ஆலையில் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் அதைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"கிடக்கட்டும் மருமகன்," என்றார். "கடன்காரனா இரிந்தாத்தான் நீங்க சொல்வழி கேப்பீங்க."

அதன் பிறகு வீட்டில் மீன் கறி வைக்கும் நாளெல்லாம், "மருமகனுக்கு நல்லாப் போடுங்க, இது அனுமதி எடுத்த மீன்தான்" என்பார். ஒருநாளும் அந்தக் காசை வாங்கவில்லை.

அவர் மௌத்தானபோது, அடக்கத்துக்கு முன்னர் ஜவாத் மச்சான் வழக்கப்படி எழுந்து, "எங்கட வாப்பா ஆருக்கும் சல்லி குடுக்க இரிந்தா எங்கள்ட சொல்லுங்க" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நான் அவருக்குக் குடுக்க இரிக்கி" என்று எழுந்து, என்னவென்றும் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டிருந்த ஸஃப்பு வரிசை முழுவதும் தலைகுனிந்தது. தோள்கள் குலுங்கியது அழுகையில் இல்லை.

பிறகு மௌலவி அந்தக் கடனையும் சொத்தோடு சேர்த்துப் பங்கு பிரித்தார். மாமிக்கு ஒன்பது ரூபா, மகனுக்கு நாற்பத்திரண்டு, மகளுக்கு இருபத்தொன்று. மாமி அன்றே விட்டுக்கொடுத்தார். மச்சானும் விட்டுக்கொடுத்தார். (விட்டுக்கொடுக்காமல்! மீன் கொண்டுவந்தது யார்?) என் மனைவி மட்டும் விடவுமில்லை, நீட்டினால் வாங்குவதுமில்லை. "அது வாப்பாட சொத்து. கிடக்கட்டும்" என்கிறாள். நான் குரலை உயர்த்தும் நாளில், பிள்ளைகளுக்கு முன்னால், விரல் விட்டு அந்தத் தொகையைச் சொல்லிக்காட்டுகிறாள்.

இருபத்தொரு ரூபா.