வயசுச் சார்ஜனின் கொப்பி

உலகத்திலேயே ஆபத்தான புத்தகம் எது என்று எண்பத்து நாலாம் ஆண்டில் என்னைக் கேட்டிருந்தால், எங்கள் பகுதிப் பொலிஸ் நிலைய மேசையில் கிடந்த ஒரு நாற்பது தாள் கொப்பியைக் காட்டியிருப்பேன். அதில் பெயர் ஏறியவனைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று நான் முழுதாக நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருக்கலாம்.

கொப்பி ஒரு தமிழ் சார்ஜனுடையது. ஆளைவிட மூக்குக்கண்ணாடி பெரிது. பேப்பர்காரருக்குச் செய்தி சொல்வது அவர் பொறுப்பு. அந்த நாளில் சட்டைப் பையில் பேனை குத்தியவன் எல்லாம் நிருபர் என்று சொல்லிக்கொண்டு ஸ்டேசனுக்கு வந்தான். அசலைக் கண்டுபிடிக்க அவர் வைத்திருந்த முறை வேறு எந்தப் பொலிசிலும் இருந்திராது. வந்தவனை வாங்கிலில் இருத்தி ஒரு விபத்தைச் சொல்லுவார்.

"மயிலிட்டிச் சந்தியிலை லொறி அடிச்சு ஒரு ஆள் செத்துப்போனான். என்ன கேக்கப் போறீர்?"

"ஆரிலை பிழை?" என்பவன் போலி. "லொறி ஆரின்ரை?" என்பவன் லொறிக்காரனின் மச்சான். "வயசென்ன?" என்பவன் மட்டும் நிருபர்.

"செத்தவன்ரை வயசைப் போடாத பேப்பர் இல்லை. வயசு கேக்காதவன் எழுத வந்தவனில்லை, விடுப்பு, வேடிக்கை பாக்க வந்தவன்" என்பார். இப்படித்தான் அவர் வயசுச் சார்ஜன் ஆனார். தேறியவனின் பெயர், ஊர், வயசு, படம் நாலும் கொப்பிக்குப் போகும்.

"ஆமி அள்ளிக்கொண்டு போனால், இதைக் காட்டித்தான் உங்களை எடுக்கவேணும்" என்று காரணமும் சொல்லுவார். அதை மட்டும் நான் நம்பவில்லை.

நானும் நிருபர்தான், வயசு கேட்டுத் தேறினேன். ஆனால் சுன்னாகத்தான் ஆகிய நான், ஊர் உடுப்பிட்டி என்றேன். கண்ணாடியைக் கழற்றி, நடு வகிடு எடுத்து நின்று பிடித்த படத்தைக் கொடுத்தேன். அதைப் பார்த்த என் அம்மாவே, "உது ஆரடா?" என்றா. வயதானவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்று நீண்ட நேரம் யோசித்து, நாற்பத்திரண்டு வயது என்றேன். எனக்கு அப்போது இருபத்தொன்பது.

"நாப்பத்திரண்டோ?"

"ஓம் ஐயா."

"நல்லாய்க் காப்பாத்தி வைச்சிருக்கிறீர்" என்றுவிட்டு எழுதினார்.

அன்றைக்கே தேத்தண்ணிக் கடையில் என் கச்சேரி தொடங்கியது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவரைப் போலவே குரலை மாற்றி, "பெயரைச் சொல்லும், ஊரைச் சொல்லும், விலங்கு எந்தச் சைஸ்?" என்று நடித்தேன். "பிடிக்கவேண்டிய ஆக்களின்ரை பட்டியலடா அது" என்றேன். கடை சிரித்தது. ஆட்கள் சிரித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தினமும் போய் ஒரு தாள் கூட்டிச் சொன்னேன்.

ஒரு காலை சுன்னாகம் சந்தையில் சுற்றிவளைப்பு. வெங்காயச் சாக்குகளுக்கு நடுவே ஒளிந்து, தும்மிப் பிடிபட்ட ஒரே வீரன் நான்தான். முகாம் வளவில் வெயிலில் இருத்தினார்கள். பின்னேரம் லொறி தெற்கே போகும், அதில் ஏறியவன் திரும்பி வருவது நிச்சயமில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்த கடவுள்கள் முடிந்து, வேதக்காரரின் புனிதர்களிடம் போய்க்கொண்டிருந்தேன். அப்போது வயசுச் சார்ஜன் கொப்பியோடு சைக்கிளில் வந்தார்.

அதிகாரி கொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஊர் வேறு. முகம் வேறு. நாற்பத்திரண்டு வயதுக்கு என்னிடம் இருந்தது நடுக்கம் மட்டும். நான் கட்டிய பொய்யே என்னை லொறியில் ஏற்றப் போகிறது என்று விளங்கியது. சார்ஜன் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஒரு கடதாசியில் கையெழுத்தும் வைத்தார். என்ன சொன்னார் என்று பிறகுதான் அறிந்தேன்: 'ஆள் நிருபர்தான். பிழையாக எழுதியது நான்.'

வாசல் தாண்டியதும், "ஐயா, நான் பொய் சொன்னனான்" என்றேன்.

"தெரியும். தன்ரை வயசைச் சொல்ல ஒருத்தனும் அவ்வளவு நேரம் யோசிக்கமாட்டான்."

"அப்ப ஏன் எழுதினனீங்கள்?"

"பயந்தவன்ரை பெயரும் இருக்கத்தானே வேணும்."

நன்றி சொல்வதற்குப் பதிலாக, "உங்கடை வயசென்ன ஐயா?" என்று கேட்டேன்.

"அது உமக்கு இப்ப தேவையில்லை" என்று சைக்கிளில் ஏறினார்.

நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "உன்னை மட்டும் ஏன் விட்டவங்கள்?" என்று கேட்டார்கள். பழைய கதைதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. அது என் கையை விட்டுப் போய், நான் கால் வைக்காத ஊர்களிலும் நடந்துகொண்டிருந்தது. சிரிப்பு மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, வேலைக்குப் போகிற வழியில் இயக்கக்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்து மின்கம்பத்தில் எழுதிய ஒரு கடதாசி மட்டை தொங்கியது. 'பட்டியல் வைத்துக் காட்டிக் கொடுத்தவன்.' பட்டியல் என்ற சொல்லை முதலில் சொன்ன வாய் எது என்று எனக்குத் தெரியும்.

செய்தி எழுத என்னைத்தான் அனுப்பினார்கள். அவருடைய வீட்டு முற்றத்தில் பேனையை வைத்துக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டியது ஒரே கேள்வி. பேனை மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். அவருடைய மனைவி என் கையைப் பார்த்தா.

"அம்பத்திரண்டு, தம்பி. பேப்பர்காரர் வந்து கேப்பினம், சரியாய்ச் சொல்லு எண்டு சொல்லி வைச்சவர்."

எழுதிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கொப்பியில் பதினொரு பேர் இருந்தோம். மூன்று பேர் பிடிபட்டோம். மூன்று பேரையும் அதைக் காட்டி அவர்தான் வெளியே எடுத்தார்.