நோன்புச் சாப்பாட்டில் சர்க்கரை ஏது?

எங்கள் செர்பியாவில் கரடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. பத்தியத் தேர்வாளர் மட்டும் தெருவுக்குத் தெரு பெருகிக்கொண்டிருக்கிறார். நீங்களும் அவரைப் பார்த்திருப்பீர்கள். "சர்க்கரை ஏறியிருக்கு, சாப்பாட்டை மாத்து" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, எதற்கு மாற்றுவது என்று தேடிக்கொண்டிருப்பார். தேடுவதென்றால் சும்மாவா? வெறும் வயிற்றோடு தேட முடியுமா?

இந்த இனத்தின் அடையாளம் ஒன்றுதான்: எதையும் விடாது, சேர்த்துக்கொள்ளும். பீன்ஸ் தோல் கஷாயம் நல்லது என்று முடிவெட்டுகிறவர் சொன்னால் குடிப்பார்; ஆப்பிள் காடி நல்லது என்று மைத்துனி சொன்னால் அதையும் குடிப்பார்; வெள்ளை ரொட்டிக்குப் பதில் கறுப்பு ரொட்டி என்று வானொலி சொன்னால், வெள்ளையின்மேல் கறுப்பை வைத்து, நடுவில் பாலாடையைத் தடவி, இரண்டையும் சேர்த்தே கடிப்பார். கறுப்பு வெள்ளையைச் சரிக்கட்டிவிடுமாம்.

எங்கள் குடியிருப்பின் மேல்மாடி வுகாஷின் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். நகரப் பேருந்து ஓட்டுநர். வீட்டு சோபாவில் உட்கார்ந்தாலும் எழுவதற்குமுன் பின்பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எழுவார். அவரிடம் டாக்டர் ஒப்ராடோவிச் இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டார்: "வருஷக் கடைசிக்குள்ள சர்க்கரை இறங்கலேன்னா நான் வண்டி ஓட்டற சான்றிதழ்ல கையெழுத்துப் போடமாட்டேன். உன் கண்ணை நம்பி ஒரு பஸ் ஜனம் உட்கார்ந்திருக்கு."

ஸ்டியரிங் இல்லாமல் வுகாஷின் என்ன செய்வார்? யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு பத்தியத்தைத் தேர்ந்தெடுத்தார்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு.

"பால் கிடையாது, முட்டை கிடையாது, கறி கிடையாது. இதைவிடப் பத்தியம் உலகத்துல உண்டா?" என்றார் மனைவியிடம்.

"சர்க்கரை உண்டே, மனுஷா!" என்றாள் லூபிங்கா.

"நோன்புச் சாப்பாட்டுல சர்க்கரை ஏது? இருந்தாலும் அது நோன்புச் சர்க்கரை."

ஆக, உருளைக்கிழங்கு. எண்ணெயில் மிதக்கும் மொச்சை. பால் சேராத ரொட்டி. முட்டை சேராத, ஆனால் பழப்பாகு மட்டும் தாராளமாகச் சேர்ந்த பணியாரம். பக்தியோடு சாப்பிட்டார்.

அப்போது வந்தது நிக்கோலா புனிதரின் திருநாள். எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு; அவர் நாளில் கதவு திறந்திருக்கும், யாரும் யாரையும் அழைப்பதில்லை, யாரும் வராமலும் இருப்பதில்லை. நிக்கோலா நாளில் பாதி ஊர் விருந்து வைக்கும், மீதி ஊர் சாப்பிடும். வாசலிலேயே சர்க்கரையும் வாதுமையும் சேர்த்த, பாதிரியார் ஜெபித்த அவித்த கோதுமையை நீட்டுவார்கள். அதை மறுப்பது மரியாதையல்ல. மற்றவர்கள் கரண்டி நுனியில் எடுப்பார்கள். வுகாஷினின் கரண்டிக்கு நுனி கிடையாது.

வீடு வீடாக மரியாதை செய்துவிட்டுக் கடைசியாக அவர் நுழைந்தது டாக்டர் வீட்டில். அங்கும் நிக்கோலாதான்!

"ஜெபிச்ச கோதுமை கணக்குல வராதில்ல, டாக்டர்?"

"ஜெபிச்சது பாதிரியார். உன் ரத்தத்தைப் பார்த்தது நான்."

"அப்போ இந்த நோன்புக் கேக்கு?"

டாக்டர் தட்டோடு நெளிந்தார். "இன்னிக்கு நான் வீட்டுக்காரன்யா. 'வேண்டாம்'னு சொல்ற உரிமை எனக்கில்ல, விருந்தாளிக்குத்தான் உண்டு. தயவுசெஞ்சு சொல்லேன்!"

"டாக்டரே கையால குடுக்கறப்போ எப்படிச் சொல்றது?" என்று வுகாஷின் இரண்டு எடுத்துக்கொண்டார்.

ரத்தம் பரிசோதிக்கும் இயந்திரத்துக்கு நோன்பும் தெரியாது, புனிதரும் தெரியாது. டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது வுகாஷின் தன் பழைய தடத்திலேயே பயணச்சீட்டு வாங்கிப் போகிறார். புது ஓட்டுநர் மிலேவாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வளைவு வரும்போதெல்லாம் தன் கையையும் காற்றில் திருப்புகிறார்.

"சர்க்கரைக்கு எந்தப் பத்தியம் நல்லதுன்னு தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. பின்னால போய் உட்காருங்க."

"தேடிக்கிட்டிருக்கேன். கிடைச்சதும் திங்கட்கிழமையே ஆரம்பம். ஸ்டியரிங்கை அதுவரைக்கும் பத்திரமாப் பார்த்துக்க."

சிரிக்கிறீர்கள். நல்லது. போன விரதத்தன்று நீங்கள் சோற்றைத் தொடவேயில்லை, தெரியும். அதற்குப் பதிலாக எதையெல்லாம் தொட்டீர்கள்? அவசரமில்லை. வாயிலிருப்பதை விழுங்கிவிட்டே சொல்லுங்கள்.